புகை வராத மருந்து

நவம்பர் 6, 2006. திங்கள்.

விடியலிலிருந்து தூறல். குண்டடம் ஸ்டேஷனுக்குப் போய்த் துப்பாக்கியைத் திரும்ப வாங்கி வரும் வேலை. உள்ளாட்சித் தேர்தலுக்காக ஒப்படைத்தது. எழுதுகிற ஏட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"லைசென்சு உங்க பேர்லயாங்க?"

"ஆமாங்க. ஊட்டுக்காரரு போனதுக்கப்பறம் மாத்துனது."

"சுடத் தெரியுங்களா?"

"தெரிஞ்சுக்குவனுங்க."

நம்பரைச் சரிபார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். இந்தக் கிழட்டுச் சாமானை எவன் மாற்றப் போகிறான் என்று அவர் முகம் சொன்னது. மாற்றுகிறவன் சொல்லிக்கொண்டா மாற்றுவான்.

கிழடுதான். ஒற்றைக் குழல். தோட்டா போடுகிற ரகம் இல்லை. வாய்வழியே வெடிமருந்தைக் கொட்டி, மேலே துணித் தக்கை வைத்து, கம்பியால் இடித்துக் கெட்டித்து, பின்பக்கம் பொறி தட்டுகிற ஒரு கேப் மாட்டிச் சுடவேண்டும். பயிர்க்காவலுக்கு என்று மாமனார் காலத்தில் வாங்கியது. பிறகு என் வீட்டுக்காரர் வைத்திருந்தார். போன வருடம் நெஞ்சுவலியில் அவர் போய், இப்போது என் பேரில்.

இதால் ஆகவேண்டிய காரியம் ஒன்றே ஒன்று, மயில் விரட்டுவது. மக்காச்சோளம் பால் பிடித்து நிற்கிறது. வேலியோர வரிசைகளில் கதிருக்குப் பதில் சக்கைதான் மிச்சம். மயிலைச் சுட்டால் ஜெயில், முருகன் வாகனம் என்பதால் பாவமும் இலவசம். ஆகவே ஈய ரவை கிடையாது. கொஞ்சமாக மருந்து, தக்கை, சத்தம். அவ்வளவுதான்.

மதியம் தோட்டத்துக்குக் கொழுந்தனார் வந்தார். (இனி கொ. முழுதாக எழுதினால் மரியாதை கூடிவிடும்.) பக்கத்துத் தோட்டம் அவருடையது, கிணறு இரண்டு பேருக்கும் பொது. துப்பாக்கி ஸ்டேஷனில் இருந்தவரை மருந்து டப்பா அவர் வீட்டு இரும்பு பீரோவில் இருந்தது. திருப்பூரில் என் வீட்டின் கீழ்த்தளமே பனியன் கம்பெனி. அங்கே மருந்து வைப்பதும் வைக்கோல்போரில் விளக்கு வைப்பதும் ஒன்று.

"பத்தரமா வெச்சிருந்தனுங்க நங்கையா. இந்தாங்க."

அண்ணியை நங்கையா என்பது இந்தப் பக்கத்து மரியாதை. டப்பா கையில் வாங்கியதும் நன்றாகக் கனத்தது. நான் கொடுத்தபோது பாதிதான் இருந்தது போல ஞாபகம். குறைந்திருந்தால் திருட்டு என்று சொல்லலாம். கூடியிருந்தால் என்னவென்று சொல்வது? ஆனால் பச்சைத் தகரம், மூடியில் என் வீட்டுக்காரர் ஆணியால் கீறிய வேல். அதைப் பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது. கனத்தை யோசிப்பதை விட்டுவிட்டேன்.

கொ. அதோடு போகவில்லை. "கம்பெனியும் பாத்துட்டுத் தோட்டமும் பாக்கறது செரமமுங்க. தோட்டத்த நான் பாத்துக்கறனுங்களே. இந்தத் துப்பாக்கியெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க?"

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. அவரிடம் ரெட்டைக்குழல் தோட்டாத் துப்பாக்கி இருக்கிறது, கல்யாண வீட்டு வாசலில் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பதற்கு. அது போதாது. என் பாதிக் கிணறும் வேண்டும். பார்த்துக்கொள்கிறாராம்.

மறக்கக் கூடாதவை:
கேப்.
ஓவர்லாக் ஊசி.
யூரியா.
மல்லிகாவின் போசி. (கொ. மனைவி. தீபாவளிக்கு முறுக்கு வந்த தூக்குப்போசி, இன்னும் என் வீட்டில். வெறுமையாகத் திருப்ப முடியாது. வெல்லம்?)

நவ. 7. செவ்வாய்.

கரண்டு இல்லை. டெய்லர்கள் வாசலில் உட்கார்ந்து என்னைப் பற்றித்தான் பேசினார்கள். நான் போனதும் பேச்சு மழைக்கு மாறியது. மதுரைக்காரப் பெண் மட்டும் சிரிப்பை அடக்கத் தெரியாமல் தண்ணீர் குடித்தாள்.

நேற்றே டப்பாவைத் தோட்டத்து வீட்டு அலமாரியில் பூட்டிவிட்டு வந்தேன், சாவி என்னிடம். ஒரு சிட்டிகை மட்டும் காகிதத்தில் மடித்து எடுத்து வந்தேன். பழசாயிற்றே, உயிர் இருக்கிறதா, புதிதாக வாங்க வேண்டுமா என்று பார்க்கவேண்டும். வீட்டுக்காரர் இருந்தவரை அந்த டப்பாவை யாரையும் திறக்க விட்டதில்லை. அவர் சுடும்போதும் நான் வீட்டுக்குள் காதைப் பொத்திக்கொண்டு நிற்பேன். இப்போதுதான் உள்ளே இருப்பதை முதல்முறையாகப் பார்க்கிறேன். சின்னச் சின்னத் தட்டைகள். சாம்பல் நிறம், லேசாகப் பச்சை.

நவ. 9. வியாழன்.

கோவை. துப்பாக்கிக் கடை. லைசென்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் கடைக்காரர். வயசானவர், மூக்குக்கண்ணாடி நூலில் தொங்குகிறது.

"எதுக்குங்கம்மா?"

"மயில் வெரட்டங்க. சத்தம் மட்டும் போதும். கை அதிரக் கூடாது. கொழாய் பழசு."

"அப்பக் கருமருந்துல இந்தப் பெரும்பருக்கை எடுத்துக்கங்க. சன்னமானது வேண்டாம், அது வெடுக்குனு போவும். இது பதமா எரியும். இன்னொண்ணுங்கம்மா. தோட்டாக்குள்ள இருக்கற மருந்த மட்டும் இதுல போட்டுறாதீங்க. அது வேற சாதி. கொழாயக் கிழிச்சுரும்."

நான் தோட்டா மருந்தைக் கேட்டேனா? கேட்காததை எதற்குச் சொல்கிறார்? மற்றதையெல்லாம் பூச்சாண்டி காட்டினால் தன் சரக்கு போகும். நாங்களும் யாவாரம்தான் செய்கிறோம். "அந்த யூனிட்ல சாயம் நிக்காதுங்க" என்று நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

பெரும்பருக்கை கொஞ்சமாக ஒரு பொட்டலம். ஏற்கனவே திறந்திருந்த டின்னிலிருந்துதான் அளந்தார். பொம்பளை என்றால் அடிச்சரக்கு. கன்னங்கரேலென்று அடுப்புக்கரி மாதிரி இருக்கிறது, அடுப்புக்கரியே கலந்திருந்தாலும் யார் கண்டார்கள்.

பஸ்ஸில் பின்சீட்டில் ஒருவர் போனில்: "நம்பிக் குடுத்தன்டா, நம்பித்தான் குடுத்தேன்." பல்லடம் வரை இதே வாசகம்.

நவ. 10. வெள்ளி.

இன்று ஒரு முடிவு எடுத்தேன். மனசு நிம்மதி.

காலையில் புது லாட் நூல். மில்காரர் பில்லில் முழுக் காட்டன் என்று போட்டிருக்கிறார். சூப்பர்வைசர் "லேபிள்ல கிளியரா போட்டிருக்குங்க மேடம்" என்கிறார். நான் ஒரு இழையை உருவிக் கொளுத்தினேன். கரும்புகை, பிளாஸ்டிக் நாற்றம், நுனியில் கருகிய உருண்டை. பாலியஸ்டர் கலப்பு. லாரியோடு திருப்பி அனுப்பியாயிற்று. லேபிள் பொய் சொல்லும், மில்காரன் பொய் சொல்வான், தீ பொய் சொல்லாது. இந்த ஊரில் நான் கற்ற ஒரே வேதம் இதுதான். சுத்தமான சரக்கு நிதானமாக எரியும், புகையாது, நாறாது. கலப்படம் புகைந்து நாறும்.

அப்போதுதான் பொறி தட்டியது. நூலுக்குப் பார்ப்பதை மருந்துக்கு ஏன் பார்க்கக் கூடாது?

மதியம் மாடியில் துவைக்கிற கல்மேல் இரண்டு சிட்டிகை. நீள ஊதுபத்தி.

கடைச் சரக்கு: தொட்டதும் புஃப். ஒரு மூட்டை வெள்ளைப்புகை, அழுகின முட்டை நாற்றம். கல்லில் கறை, தேய்த்தாலும் போகவில்லை.

டப்பாச் சரக்கு: மஞ்சள் தீ. நிதானம். புகை இல்லை, நாற்றம் இல்லை. கல் வெள்ளைவெளேர்.

இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? கோவைக்காரர் கலப்படத்தைத் தலையில் கட்டிவிட்டார். என் வீட்டுக்காரர் எங்கோ உசத்திச் சரக்காகப் பார்த்து வாங்கி வைத்திருக்கிறார். செத்தும் எனக்குக் காவல் இருக்கிறார். கல் பக்கத்திலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். யாரும் பார்க்கவில்லை. எதிர்மாடி இந்திக்காரப் பையன்கள் பார்த்தார்களோ என்னவோ, பார்த்தால் பார்க்கட்டும்.

டப்பா மருந்துதான். முடிவு.

நவ. 12. ஞாயிறு.

தோட்டம். ஆரோக்கியசாமி (ஆ.) சர்ச்சுக்குப் போய்விட்டு வந்தார். எங்கள் தோட்டத்திலேயே குடியிருக்கிற பெரியவர். என் சார்பில் துப்பாக்கி எடுக்க லைசென்சில் அவர் பேரும் ஏறியிருக்கிறது. சின்னப் பாட்டிலில் கொஞ்சம் டப்பா மருந்து, கேப், ஒரு பை கட்டிங் வேஸ்ட் எடுத்து அவரிடம் நீட்டினேன். பனியன் துணி தக்கைக்கு நல்ல தோது, இறுகிப் பிடிக்கும்.

"தடவைக்கு அரை மூடி போதுங்க. சத்தத்துக்குத்தானே."

"ஐயாதானுங்க எப்பவும் கெட்டிப்பாரு. நா தூர நின்னு காதப் பொத்திக்குவேன்."

"நானும் அப்பிடித்தான். இனி நாமதான் செய்யோணும்."

பாட்டிலை வாங்கும்போது அவர் கை கொஞ்சம் தயங்கியது. குறித்து வைக்கிறேன்.

மல்லிகாவின் போசியில் வெல்லம் வைத்துக் கொடுத்தனுப்பினேன். கொ. கிணற்றுமேட்டிலிருந்து எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

நவ. 15. புதன்.

ஷிப்மென்ட் தலைக்குமேல். ஆனாலும் தோட்டத்துக்குப் போன் போட்டேன்.

ஆ.: "ஒரு மயிலும் அண்டறதில்லீங்க அம்மிணி. சத்தம் கேட்டாப் பறந்தடிச்சுட்டு ஓடுது."

இவ்வளவு நல்ல செய்தி எனக்கு ஆகாது. எதிலாவது ஒரு குறை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

பிறகு மல்லிகா கூப்பிட்டாள். வெல்லம் நன்றாக இருந்ததாம். "உங்க தோட்டத்துல காலைல படபடன்னு ஒரே சத்தமுங்க்கா. எங்க எரும பால் சொரக்கமாட்டேங்குது."

படபடவா? இந்தத் துப்பாக்கியை ஒருமுறை கெட்டிப்பதற்குள் ஒரு காப்பி குடித்துவிடலாம். அது எப்படிப் படபடக்கும்? மருந்து வேறு எங்கோ போகிறது. கொ. பக்கத்தில்தானே இருக்கிறார். ஆ.வும் அவரும் கூட்டோ?

நவ. 18. சனி.

சொல்லாமல் கொள்ளாமல் தோட்டத்துக்குப் போனேன். இப்படித்தான் போகவேண்டும்.

1. வெள்ளைப் பனியன் துணியைக் கம்பியில் சுற்றிக் குழலுக்குள் விட்டு எடுத்தேன். துணி வெள்ளையாகவே வந்தது. தினம் சுட்ட குழல் இப்படியா இருக்கும்?
2. பாட்டிலில் மருந்து கிட்டத்தட்டக் கொடுத்த மேனிக்கு இருக்கிறது.
3. வேலியோரம் மழையில் ஊறிய சிவப்புக் காகிதத் துணுக்குகள். பட்டாசு.

ஆ.வைக் கூப்பிட்டு மூன்றையும் காட்டினேன். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"மொத நா போட்டனுங்க அம்மிணி. கேப்பு டப்புன்னுச்சு, உள்ளார புஸ்ஸுன்னு அணஞ்சு போச்சு. கொழாயக் கவுத்தாப் பாதி மருந்து வேகாமக் கொட்டுது. மறுக்காப் போட எனக்கு மனசு ஒப்பலீங்க. பேரனுக வெடிச்சது போவ தீவாளி வெடி மிச்சங் கெடந்துச்சு. அதப் பத்த வெச்சேன். மயில் போயிருச்சுங்களே."

"பயமுன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாமுல்லீங்க. எதுக்குப் பொய்?"

"நீங்க ஐயா மருந்து ஐயா மருந்துன்னு அத்தன ஆசையா எடுத்துக் குடுத்தீங்க. எப்பிடிங்க சொல்றது?"

நியாயமாக இருக்கிற மாதிரிதான் தெரிந்தது. இருந்தாலும் கத்திவிட்டேன். என் வீட்டுக்காரருடைய மருந்து புஸ்ஸென்று போகாது. இவர் சரியாக இடித்துக் கெட்டிக்கவில்லை, அல்லது ஈரக்கையோடு தொட்டிருக்கிறார். பயந்தவன் கையில் எது கொடுத்தாலும் புஸ்தான். கொ. காதுக்கு இது போனால், பொம்பளையால் ஒரு வேட்டுப் போடமுடியவில்லை என்று குண்டடம் சந்தை முழுக்கப் பேசுவார். பிறகு தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள வந்துவிடுவார்.

நாளைக் காலை நானே போடுகிறேன். அரை மூடி இல்லை, இரண்டு மூடி நிறைய. மேலே துணியை நன்றாக அடைத்து, இறுக்கி. இரவு இங்கேயே தங்கல்.

நவ. 19. ஞாயிறு.

எழுத்து கோணல்.

காலை வெயில், ஒரு வாரத்துக்குப்பின். ஆ. சர்ச்சுக்குப் போய்விட்டார். நான் மட்டும். இரண்டு மூடி போட்டேன். போதுமா என்று தோன்றியது, இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். பனியன் துணியை மடித்து மடித்து அடைத்து, கம்பி எகிறும் வரை இடித்தேன். கேப் மாட்டியாயிற்று. சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு வேலிப்பக்கம் நடந்தேன். வரப்பில் நாலைந்து மயில். ஒன்று என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கதிரைக் கொத்தியது. என்மேல் பயம் அவ்வளவு மட்டு.

துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றினேன். கன்னம் கட்டையில் பட்டது, சில்லென்று. பின்னாலிருந்து குரல்.

"அக்கா, சித்த இருங்க. நா தாண்டிப் போயிக்கறேன். எனக்குச் சத்தம் ஆகாதுங்க."

மல்லிகா. கையில் அதே போசி. நான் குழலை வானத்துக்குத் திருப்பிக்கொண்டு நின்றேன்.

"வெல்லப்பாகு போட்டுக் கச்சாயம் சுட்டேனுங்க்கா. நீங்க தங்கியிருக்கறதா அவரு சொன்னாரு." இடுப்பில் போசியை ஏற்றிக்கொண்டாள். "அந்த மருந்து நல்லா இருக்குதுங்களா?"

"எந்த மருந்து?"

"டப்பால இருக்கறதுதானுங்க. நம்ம மாகாளியம்மன் நோம்பிக்கு வேட்டுப் போடறதுக்குன்னு உங்க கொழுந்தனாரு அதுல இருந்தத எடுத்துக் குடுத்துட்டாருங்க்கா. கோயில் காரியம், நங்கையா ஒண்ணுஞ் சொல்லமாட்டாங்கன்னாரு. எனக்குத்தான் மனசு கேக்கலீங்க. உங்க ஊட்டு மாமன் கைப்பட்ட டப்பா, வெறும் ஏனத்த எப்பிடிங்க்கா திருப்பிக் குடுக்கறது? எதாச்சும் ரொப்பிக் குடுங்கன்னேன். அப்பறம் அவரோட பழைய தோட்டாவெல்லாம் அறுத்து, அதுல இருந்தத வாய் முட்ட ரொப்பிக் குடுத்தாரு."

தோட்டா.

அந்தச் சொல் காதில் விழுந்து, கோவைக் கடைக்காரர் குரல் அதன்மேல் வந்து ஏறும்வரை நான் அப்படியே நின்றேன். வேற சாதி. கொழாயக் கிழிச்சுரும்.

சுட்டுவிரல் விசை வளையத்துக்குள்தான் இருந்தது. அதை வெளியே எடுப்பதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. மல்லிகாவைத் தூரப் போகச் சொன்னேன். அவள் போகவில்லை, என் முகத்தைப் பார்த்துப் பயந்து கிட்டே வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கேப்பைக் கழற்றினேன். துப்பாக்கியைப் பாழுங்குழிப் பக்கம் வாய் வைத்துக் கல்மேல் கிடத்தினேன். கேப்பை முந்தானையில் முடிந்துகொண்டேன். மல்லிகா முழங்கையை விடவில்லை.

"என்னாச்சுங்க்கா, என்னாச்சுங்க்கா." அவளுக்கு ஒன்றும் தெரியாது. அது எனக்குத் தெரியும்.

நான் நூல் கொளுத்தினவள். புகையவில்லை, நாறவில்லை, ஆகவே சுத்தம் என்று மார் தட்டினவள். கோவைக்காரரைச் சந்தேகப்பட்டேன். ஆ.வைச் சந்தேகப்பட்டேன். ஏட்டைக்கூட விடவில்லை. சந்தேகப்பட வேண்டிய ஒரே சாமானைப் பார்த்து மாடியில் உட்கார்ந்து அழுதேன்.

கோவைக்குப் போன். "தொடாதீங்கம்மா. நாளைக்கு ஆள் அனுப்பறேன்." திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நவ. 20. திங்கள்.

கம்பெனிக்குப் போகவில்லை. கோவையிலிருந்து ஆள் வந்தார். குழலுக்குள் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, திருகுக் கம்பியால் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கினார். வந்துகொண்டே இருந்தது. பிங்க், வெள்ளை, நீலக்கோடு. போன மாசம் அனுப்பின ஆர்டரின் மிச்சங்கள். கடைசியாக மருந்து, கூழாக.

"இத்தன மருந்து, இத்தன துணி. இந்தச் சாதி லேசாப் போட்டா அணஞ்சுரும், இறுக்குனா வெடிச்சுரும். கன்னத்த வெச்சுத்தானுங்க சுட இருந்தீங்க?"

"ஆமாங்க."

அவர் கையைக் கழுவிக்கொண்டார்.

ஆ. பக்கத்தில் நின்று எல்லாம் பார்த்தார். நான் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எதுக்குங்க அம்மிணி" என்று நகர்ந்துவிட்டார். அவர் என் பேச்சைக் கேட்டு மறுபடி போட்டிருந்தால், அரை மூடி போதாது என்று நான்தான் போனில் கூட்டச் சொல்லியிருப்பேன். அவர் பொய் சொன்னதால் இரண்டு கையோடு இருக்கிறார்.

பதினோரு மணி வாக்கில் கொ. வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார். மல்லிகா சொல்லியிருக்கிறாள்.

"நங்கையா, சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. மருந்துன்னா எல்லாம் மருந்துதானுங்கன்னு நெனச்சேன். இது ஒசத்தி, பொகையே வராது, உங்களுக்குக் கரி படாதுன்னு ஆசையாத்தானுங்க போட்டேன்."

"இத்தன வருசமாத் துப்பாக்கி வெச்சிருக்கறீங்க. தெரியாதுங்களா?"

"நான் தோட்டாவ வாங்கிப் போடறவன்தானுங்களே. உள்ள இருக்கறது என்ன சாதின்னு எனக்கென்னங்க தெரியும். அதெல்லாம் அண்ணன்தானுங்க..."

அழுதார். கல்மேல் உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு. தெரியாமல் செய்தவனும் அழுவான். தெரிந்து செய்து, நடக்காமல் போனவனும் அழுவான். நூல் என்றால் ஒரு இழையை உருவிக் கொளுத்திப் பார்க்கலாம். இதை எதில் கொளுத்திப் பார்ப்பது? அந்தச் சோதனையின் லட்சணமும்தான் தெரிந்துபோயிற்றே.

மூக்கும் தாடையும் அப்படியே என் வீட்டுக்காரர். அழும்போது இன்னும் அதிகமாக. நம்பத்தான் ஆசை. முடியவில்லை.

"போங்க. மல்லிகா தனியா இருப்பா" என்றேன்.

டப்பாவில் மிச்சமிருந்ததைக் கோவை ஆளே எடுத்துப் போய்விட்டார். டப்பாவை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நவ. 21. செவ்வாய்.

மூடாக்கு. மழை வரும்போல் இருந்து வரவில்லை.

ஆ.விடம் ஒரு பெட்டி வெடி வாங்கச் சொல்லிவிட்டேன். துப்பாக்கியை இனி என்ன செய்வதென்று பிறகு யோசிக்கவேண்டும். மயில்கள் காலையிலேயே வந்துவிட்டன, ஒரு சரத்துக்கு ஓடின.

திருப்பூர் கிளம்பும் முன் கச்சாயப் போசியைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அப்படியே இருக்கிறது. ஒன்றை எடுத்து, பிட்டு, முகர்ந்து பார்த்தேன். வெல்லம், ஏலக்காய். முகர்ந்து பார்த்ததற்கு வெட்கமாக இருந்தது. தின்றேன். மெத்தென்று நன்றாகவே இருந்தது. மிச்சத்தை ஆ. வீட்டுக்குக் கொடுத்தேன்.

போசியைக் கழுவித் துடைத்தேன். கை பழக்கத்தில் கடலைக்காய் மூட்டைப் பக்கம் போனது. திரும்ப எடுத்துக்கொண்டேன். மூடியைப் போட்டு ஆ.விடம் நீட்டினேன்.

வாங்கியவர் ஆட்டிப் பார்த்தார். பிறகு திறந்து பார்த்தார்.

"வெறும் போசியா இருக்குதுங்களே அம்மிணி. ஒரு கை கடலக்காயாச்சும் போடுங்க. அவங்க என்ன நெனப்பாங்க?"

"அப்பிடியே குடுத்துருங்க. இனிமே இங்கிருந்து வெறும் போசிதான் வருமுன்னு சொல்லுங்க. அங்கிருந்தும் அப்பிடியே வரட்டுங்க."